ஜன்னல் பார்க்க வந்தவர்

அன்றைக்கு என்னைப் பெண் பார்க்க வந்தது இரண்டே பேர்: அவரும் அவருடைய அக்காவும். எனக்கு நாற்பதைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. முதல் கல்யாணம் கோர்ட்டில் முடிந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா போன பிறகு, சிங்காநல்லூரில் அப்பா கட்டிய வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். நான் ஒரு நூற்பாலையில், நூலின் தரம் பார்க்கிற லேபில் வேலை செய்கிறேன். நூலை இழுத்துப் பிடித்து எப்போது அறுகிறது என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க வேலை. அவர் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் கால்நடை மருத்துவர். அவருக்கும் ஒரு கல்யாணம் நடந்து, முறிந்திருந்தது. ஆக, இரண்டு பேருக்கும் இந்தப் பெண் பார்க்கும் வேலையில் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. அவிநாசியில் இருந்த அவருடைய அக்காதான் விடாமல் போன் போட்டு இதை நடத்தி வைத்தார்.

அதுவும் ஆடி மாதத்தில். "ஆடியில பொண்ணு பாக்கக் கூடாதும்பாங்க, நாங்க சும்மா காபி குடிக்க வாரோம்னு வெச்சுக்குங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார் அந்த அக்கா. அப்பாவும் "வாங்க வாங்க, காபி குடிக்க மாசம் எதுக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

கோயமுத்தூரில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பாலக்காட்டுப் பக்கமிருந்து புறப்பட்டு வந்து, கொடியில் காயும் துணியைத் தெருவைத் தாண்டிக் கொண்டுபோய்ப் போடும். அதனால் வீட்டில் எல்லா ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தோம். எங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் இரும்புச் சட்டம், பித்தளைக் கைப்பிடி. கைப்பிடியைத் தூக்கினால் ஜன்னல் திறக்கும். இறக்கினால் அதன் மூக்கு போன்ற முனை சட்டத்துக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். வீடு கட்டும்போது அப்பா தேடித் தேடி வாங்கியவை. மில்லில் மெஷின்களைக் கழற்றி மாட்டுகிற பிட்டராக இருந்த மனிதர் என்பதால் இந்த வீட்டுக்குள் வேறு எந்த ரிப்பேர்க்காரரும் நுழைந்ததில்லை. எது உடைந்தாலும் நூல், கம்பி, பசை, இந்த மூன்றில் ஒன்றால் அப்பா நிறுத்தி வைத்துவிடுவார்.

அக்கா காபியைக் குடித்து முடித்ததும், "நீங்க ரெண்டு பேரும் உள்ள போய்ப் பேசிட்டு வாங்க அம்மணி" என்றார். என் அறைக்குப் போனோம். போன நேரம் கரண்ட் போயிற்று. ஜன்னல் சாத்திய அறை, அப்பா காலையிலேயே போட்டு வைத்த சாம்பிராணி, முழுக்கைச் சட்டையில் அவர். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. "சித்த இருங்க, தண்ணி கொண்டாரேன்" என்று நான் சமையலறைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது ஜன்னலுக்கு முன்னால் விறைப்பாக நின்றிருந்தார். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. தண்ணீர்த் தம்ளரை இடது கையால் வாங்கினார். சரி, டென்ஷனில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்த ஊடு கட்டி எத்தனை வருசம் இருக்குமுங்க?" என்றார்.

சொன்னேன்.

"இந்த ஜன்னலெல்லாம் அப்பவே போட்டதுங்களா?"

"ஆமாங்க."

"இப்ப இதெல்லாம் எங்கீங்க கிடைக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. வந்தவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டின் வயதைக் கேட்கிறார், ஜன்னலின் விலை விசாரிக்காத குறை. சொத்தைப் பார்த்து வந்திருக்கிறார் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். கிளம்பும்போது அப்பாவுக்கு இடது கையை மட்டும் நெஞ்சருகே தூக்கி, "வாரேனுங்க சார்" என்றார். அக்கா இரண்டு கையையும் கூப்பி நின்றார். பக்கத்தில் தம்பி ஒற்றைக் கையோடு.

கார் தெருமுனை திரும்பியதும் அப்பா கேட்டார்: "ஏங்கண்ணு, ஆளு பரவால்ல. ஆனா அந்தச் சோத்தாங்கை வெளிய வரவே இல்லையே, பாத்தியா?"

"பாத்தனுங்கப்பா."

"மாடு கீடு முட்டி, கையில எதாச்சும் ஆகியிருக்குமோ? மறைக்கறாங்களோ?"

வரும்போது இரண்டு கையாலும் வாழைப்பழச் சீப்பைத் தூக்கி வந்தாரே என்று சொன்னேன். "வரும்போது நான் சரியாப் பாக்கலியே" என்றார் அப்பா. அந்தக் கவலையை அவர் விடுவதாக இல்லை.

சாயங்காலம் என் அறையில் படார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஜன்னல் கதவு விரியத் திறந்து, காற்று உள்ளே வந்து காலண்டரைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கைப்பிடி இருந்த இடத்தில் பட்டைத் தகடு மட்டும்தான் இருந்தது. கைப்பிடியைக் காணோம்.

அப்பா முகம் வெளிறிப்போனது. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார். பீரோவை நகர்த்தச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடிக்குள் புகுந்து துழாவினார். கடைசியில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தை நூலில் கட்டி மண்ணில் இழுத்துக்கொண்டு போனார். பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்று என்னைவிட அவருக்குத் தெரியும். ஒரு கைப்பிடிக்கு இவர் ஏன் இத்தனை பதறுகிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.

அப்போதுதான் என் போன் அடித்தது. புதிய எண். பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று எடுத்தேன்.

"ஏனுங்க, நான்தானுங்க. காலைல வந்தேனே."

"சொல்லுங்க."

"ஒண்ணு சொல்லோணுமுங்க. கோவிச்சுக்கக் கூடாது."

வேண்டாம் என்று சொல்லப்போகிறார். நானே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனாலும் அதை அவர் வாயால் கேட்கப் பிடிக்கவில்லை. "பரவால்லீங்க, சொல்லுங்க" என்றேன்.

"உங்க ஊட்டு ஜன்னல் கைப்பிடி என்ற பாக்கெட்டுல இருக்குதுங்க."

முதலில் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். திரும்பச் சொல்லச் சொன்னேன். அவர் முழுவதையும் சொன்னார். நான் தண்ணீர் எடுக்கப் போனதும், காற்றுக்காக ஜன்னலைத் திறக்கலாம் என்று கைப்பிடியைத் தூக்கியிருக்கிறார். அது தூக்கிய கையோடு வந்துவிட்டது. "கன்னுக்குட்டி இழுத்து இழுத்துப் பழகுன கைங்க, கொஞ்சம் வேகமாத் தூக்கிப்போட்டேன்." வைக்கப் பார்த்திருக்கிறார், நிற்கவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டதும் பாக்கெட்டில் போட்டுவிட்டார். பாக்கெட்டில் போட்டால் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் கையை எடுக்கவில்லை.

"வந்த எடத்துல ஊட்டை ஒடச்சுப்போட்டேன்னு எப்படீங்க சொல்றது? அதனாலதான் எங்க கிடைக்கும்னு கேட்டேன்."

கல்லின் மேல் கிடந்த துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன். அப்படியும் சத்தம் வந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, எழுந்து, திரும்ப உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஏனுங்க, அழுவறீங்களா?" என்று அவர் பதற, எனக்கு மூச்சே நின்றுவிட்டது. செம்பருத்திப் பக்கம் அப்பா காந்தத்தை இழுத்துக்கொண்டு போவது தெரிந்தது. கடைசியாக இப்படி எப்போது சிரித்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அதற்கும் சிரிப்பு வந்தது.

"உங்க அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. அதே மாதிரி ஒண்ணு வாங்கி மாட்டிட்டு நானே சொல்லீர்றேன்" என்றார். சரி என்றேன்.

அந்த வாரம் முழுவதும் பேச்செல்லாம் கைப்பிடியைப் பற்றித்தான். கோபியில் ஒரு கடையில் இல்லை. அந்தியூருக்கு ஒரு குதிரையைப் பார்க்கப் போனவர் அங்கேயும் விசாரித்தார், இல்லை. ஒரு நாள் மத்தியானம் போட்டோ வந்தது: அவருடைய மேஜையில், ஊசி மருந்துப் புட்டிகளுக்கு நடுவில், பஞ்சு விரித்து அதன்மேல் எங்கள் கைப்பிடி. "பேஷன்ட் நல்லா இருக்குதுங்க" என்று எழுதியிருந்தார். லேபில் நூலை இழுத்துக்கொண்டிருந்த நான் சிரித்த சிரிப்பில் அந்த ரீடிங்கைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் அப்பாவின் விசாரணை வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. காக்கா தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றார். அவ்வளவு கனத்தைக் காக்கா தூக்காது என்று அவரே சொல்லிக்கொண்டார். ஒரு நாள் அந்த அக்கா குசலம் விசாரிக்க போன் செய்தபோது அப்பா இழுத்தார்: "ஏனுங்க அம்மணி, ஊட்டுக்குப் போயி உங்க பையை எல்லாம் நல்லாப் பாத்தீங்களா? எதாச்சும்... தவறி வந்தாப்பல..."

ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கேட்டது: "ஒண்ணும் இல்லீங்களே! நான் டிபன் பாக்ஸ் எதும் விட்டுட்டு வந்துட்டேனுங்களா?"

நான் குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜாக்கெட் துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு டவுன்ஹால் போனேன். மணிக்கூண்டுப் பக்கம் அவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் வேலையாக இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் போலீஸிடம் பிடிபட்டவர் மாதிரி நின்றார். கைப்பிடியைக் கைக்குட்டையில் சுற்றித் தோள்பைக்குள் வைத்திருந்தார்.

கடை கடையாக ஏறினோம். ஒவ்வொரு கடையிலும் அவர் கைக்குட்டையைப் பிரிக்கிற அழகைப் பார்க்க வேண்டும், நகை விற்க வந்தவர் மாதிரி. "இதெல்லாம் இப்ப வர்றதே இல்லீங்க." "பிளாஸ்டிக் ஜன்னலா மாத்திப்போடுங்க, ஒரு தொல்லை இல்ல." ஒரு கடைக்காரர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல யாரோ பசை வெச்சு ஒட்டியிருக்காங்க பாருங்க, சரியாக் காயறதுக்குள்ள இழுத்துப்போட்டாங்க" என்று அடியில் ஒட்டியிருந்த சாம்பல் நிறக் களிம்பைச் சுரண்டிக் காட்டினார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இருவருக்குமே விளங்கவில்லை. இன்னொரு கடைக்காரர், "புது வீடுங்களா? புருசன் பொஞ்சாதி சேர்ந்து வந்து வாங்கறதே நல்லதுங்க" என்றார். மறுத்துச் சொல்லாமல் இரண்டு பேரும் அவசரமாகப் படி இறங்கினோம். இறங்கிய பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் எனக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது, நடப்பதே கொஞ்சம் மிதப்பது போலத்தான் இருந்தது.

கடைசியில் உக்கடத்தில், பழைய இரும்பு விற்கிற இடத்தில், ஒரு குவியலுக்கு அடியிலிருந்து அவர் அதே மாதிரி ஒன்றை உருவி எடுத்தார். அதே வளைவு, அதே நீளம், தகடோடு சேர்ந்தே இருந்தது. அவர் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அப்பா தினமும் சாயங்காலம் நடக்கப் போவார். அந்த நேரத்தில் மாட்டிவிடுவது என்று திட்டம். எங்கள் தெருமுனை பேக்கரியில் உள்பக்கமாக உட்கார்ந்து தேங்காய் பன் தின்றபடி காத்திருந்தோம். அப்பா பேக்கரியைத் தாண்டிப் போனார். போனவர் நின்றார். பேக்கரியைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்தோம். தலையும் தலையும் முட்டிக்கொண்டது. அவர் வாய்க்குள் பன். எனக்குச் சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது. அப்பா செருப்பை உதறிச் சரி செய்துகொண்டு நடையைக் கட்டினார்.

வீட்டுக்கு ஓடினோம். ஓடினோம் என்றால் நிஜமாகவே ஓடினோம்.

அவர் ஸ்டூலில் ஏறினார். பழைய தகட்டின் திருகாணிகள் மேல் பல தடவை அடித்த பெயின்ட் அப்பியிருந்தது. அதைச் சுரண்டி, திருகாணிகளைக் கழற்றி, புதியதை வைத்தார். வைத்த பிறகுதான் தெரிந்தது, அதன் மூக்கு சட்டத்துக்கு எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கம் பிடிக்க வேண்டிய இடத்தில் இடது பக்கத்துக்கானது. இந்தக் கைப்பிடியில் இடது, வலது என்று உண்டு என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

"தலைகீழா வெச்சா?" என்றேன்.

"அட, ஆமாமுங்க!"

தலைகீழாகத் திருகினார். இப்போது மூக்கு சரியான பக்கம் வந்து சட்டத்தில் மாட்டிக்கொண்டது. கைப்பிடி மட்டும் மேலே நிமிர்ந்து சலாம் வைப்பதுபோல் நின்றது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். சலாம் வைத்த கை மெல்ல மெல்லச் சாய்ந்து, தொப்பென்று கீழே இறங்க, ஜன்னல் திறந்துகொண்டது. சாத்தினோம். திரும்பச் சலாம். திரும்பத் தொப். மூன்றாவது தடவை நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஸ்டூல் மேலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

வெளியே சாரல் பிடித்திருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. நனைந்துகொண்டு பாதியில் திரும்பிய அப்பா அறை வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. தரையில் நான், ஸ்டூலில் டாக்டர், அவருடைய ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர், இன்னொரு கையில் காணாமல் போன கைப்பிடி.

"ஏனுங்க டாக்டர்," என்றார் அப்பா, "எங்க ஊட்டுல மாடு எதும் இல்லீங்களே."

அவர் ஸ்டூலிலிருந்து குதித்தார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். வேர்த்தது, தூக்கியது, பாக்கெட், கோபி, அந்தியூர், உக்கடம். "தப்புதானுங்க சார். அன்னைக்கே சொல்லியிருக்கோணும்" என்று இரண்டு கையையும் கூப்பினார்.

அப்பா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டே வந்து வலது கையைப் பிடித்து உள்ளங்கையைப் பார்த்தார், திருப்பிப் புறங்கையைப் பார்த்தார், விரல்களை மடக்கி நீட்டினார். "ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்குதுங்களே!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னதும் அவர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமினார். "கண்ணு, அந்தக் கைப்பிடி ரொம்ப நாளா ஆடிட்டுத்தான் இருந்துது. ஆணி தேஞ்சுபோச்சு. ஒறம்பரை சனம் வர்ற நேரத்துல காத்துல தொறந்துக்கக் கூடாதுன்னு அன்னைக்குக் காலைல நான்தான் பசையைப் பெசைஞ்சு வெச்சு ஒட்டிப்போட்டேன். சாயங்காலம் வரைக்கும் யாரும் தொடமாட்டாங்கன்னு நெனைச்சேன்."

டாக்டர் பழைய கைப்பிடியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சாம்பல் நிறக் களிம்பைப் பார்த்தார்.

"அதுதானுங்களா வாரம் பூரா காந்தத்தைக் கட்டிட்டு..." என்றேன்.

"பின்ன? பசை வெச்ச கைப்பிடி மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கண்ணுல பட்டா என்ன நெனைப்பாங்க? பிட்டர் ஊடுன்னு பேரு" என்றார் அப்பா.

பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். சாரல் ஜன்னல் வழியாக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது, யாரும் எழுந்து சாத்தவில்லை. சாத்தினாலும் நிற்காது.

உக்கடத்துக் கைப்பிடி வீணாகவில்லை. சமையலறை ஜன்னல் எதிர்ப்பக்கம் திறப்பது. அதன் கைப்பிடியைப் பல வருடமாக நூல் போட்டுத்தான் கட்டி வைத்திருந்தோம். அப்பாவின் மேற்பார்வையில் டாக்டர் அன்றைக்கே அதைப் பொருத்தினார். அது கடக் என்று இறங்கி மாட்டிக்கொண்ட சத்தத்தைக் கேட்டு அப்பா திரும்பத் திரும்பத் திறந்து மூடினார். அதோடு ஆசை பிடித்துக்கொண்டது. "எல்லாமே தேஞ்சுதான் கெடக்குது, மொத்தமா மாத்திப்போடலாம்" என்றார். இந்த வீட்டில் எதையும் மாற்றலாம் என்று அப்பா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அப்படியே போயின. மூன்று பேரும் உக்கடத்துக்குப் போவோம். அப்பா குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து "இது சோத்தாங்கை, இது பீச்சாங்கை" என்று பிரித்துப் போடுவார். கிடைத்ததைக் கொண்டுவந்து புளி போட்டுத் தேய்த்துப் பொருத்துவோம். கிடைக்காத ஜன்னல்களுக்கு அப்பா வெள்ளை அலுமினியத்தில் புதிதாகவே வாங்கிவிட்டார். ஹாலில் இப்போது ஒரு ஜன்னலில் பித்தளையும் பக்கத்து ஜன்னலில் அலுமினியமுமாகக் கொஞ்சம் கோமாளித்தனமாகத்தான் இருக்கிறது. டாக்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகாணியையாவது கெடுத்தார். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. என்னைத்தான் இத்தனை வருடமும் ஸ்க்ரூடிரைவர் பக்கமே விட்டதில்லை, ஆனால் என் அறை ஜன்னலுக்கு மட்டும் நானே மாட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து மாட்டினேன். கடைசித் திருகு இறுகியபோது இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

ஆவணி பிறந்ததும் அக்கா முறைப்படி வெற்றிலை பாக்கோடு வந்தார். கைப்பிடிக் கதை அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். தன் பையைத் துழாவச் சொன்ன காரணம் விளங்கியதும் அப்பாவைப் பார்த்து, "ஏனுங்க, என்னைத் திருடீன்னு நெனைச்சுப்போட்டீங்களா?" என்று கேட்டார். அப்பா எழுந்து காபி போடப் போய்விட்டார்.

கடைசி ஜன்னல் முடிந்த சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வேலை முடிந்த பசியில், மெயின் ரோட்டில் காளான் வண்டிக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். அப்பா ரோட்டோரத்தில் நின்று சாப்பிடுகிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். தட்டில் வந்த சிவப்புக் குழம்பையும் அதன்மேல் தூவிய வெங்காயத்தையும் சந்தேகமாகக் கிளறினார்.

"இது காளானுங்களா, முட்டைக்கோசுங்களா?"

"ரெண்டும் இருக்கும்னு நம்பித்தான் சாப்படறோமுங்க மாமா" என்றார் டாக்டர்.

அதுவரை சார், சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாய் தவறி வந்ததா, வேண்டுமென்றே சொன்னாரா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அப்பா ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். காரத்தில் கண் கலங்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வண்டிக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"இன்னொரு தட்டு குடுங்க. காரம் கொஞ்சம் கொறைச்சலாப் போட்டு. மாப்பிள்ளைக்குங்க."